பாதி நாவலில் இருப்பவர்களும் எழுதட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில், இப்போது என்ன நாவல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வாசகர்களைக் கேட்டு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல காரியம், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அதில் வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. நாலு வரியில் கதைச் சுருக்கம், அப்புறம் 'அருமையான நாவல், அனைவரும் படிக்க வேண்டும்', அவ்வளவுதான். எந்த இடத்தில் அசந்துபோனார்கள், எங்கே அலுப்புத் தட்டியது, யார் மேல் கோபம் வந்தது, ஏன் நடுவிலேயே மூடி வைத்தார்கள் என்பதெல்லாம் வருவதே இல்லை. எழுதி அனுப்பியும் இடமில்லாமல் வெட்டப்படுகிறது என்றால், தயவுசெய்து வெட்டாதீர்கள். கதைச் சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. இப்போது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படித்துக்கொண்டிருக்கிறோம். யாரும் இன்னும் முடிக்கவில்லை, ஆனால் பேச்சு ஓயவில்லை. 1942இல் சுமத்திராவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை வருவதில் தொடங்குகிற கதை. மலாய்ச் சொற்களும் தெருப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் சரசரவென்று வந்து விழுவதால், கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் முப்பது பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவரை உட்கார வைத்தவர் எங்கள் வட்டத்தில் மூத்த ஐயா ஒருவர். அவருடைய அப்பா, இந்த நாவலில் வருகிறது போன்ற ஒரு வட்டிக்கடையில், பினாங்கில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துகிறவருக்கு அடுத்த உதவியாளராக, இருந்தவர். கடைக் கூடத்தில் தரையில் வரிசையாகச் சாய்வுப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் சம்மணம் போட்டபடி ஓர் ஆள், பகலெல்லாம் அங்கேயே கணக்கு, ராத்திரி அதே கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம், மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குக் கப்பல். இதை அவர் சொல்லி முடித்தபோது, அந்தத் தம்பி திருப்பிக் கொடுக்க வந்த புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எந்த மதிப்புரையும் இந்த வேலையைச் செய்திருக்காது என்பது என் கருத்து.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொங்கான் என்கிற பாய்மரச் சரக்குப் படகு புயலில் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்துக்கு ஈடாகத் தமிழில் நான் எதையும் படித்ததில்லை. வாக்கியங்கள் குட்டையாகி ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகின்றன, படிக்கிறவருக்கே வயிற்றைப் பிரட்டுகிறது. பினாங்கில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து தமிழ்ப் பெருமையைக் கேலியும் கிண்டலுமாக அலசுகிற பக்கங்களும் எனக்குப் பிடித்திருக்கின்றன, எங்கள் வட்டத்தில் இரண்டு பேருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் பெண்கள்? வருகிறார்கள், போகிறார்கள், ஒருத்தியும் மனதில் நிற்கவில்லை. கதாநாயகன் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்களுக்குக் கிடைத்த இடம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய எழுத்தாளரை இப்படிச் சொல்லலாமா என்று ஒரு அக்கா கேட்டார். ஏன் சொல்லக்கூடாது? நாவல் பெரியது என்பதால்தானே இந்தக் குறை உறுத்துகிறது.

வாசகர்கள் இப்படிக் கதையோடு மல்லுக்கட்டுவது தமிழில் புதுப் பழக்கமும் இல்லை. நாவல்கள் வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்த காலத்தில் வாசகர்கள் எல்லோருமே பாதிக் கதையில் இருந்தவர்கள்தான். 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்காகவே கல்கி தனியாக முடிவுரை எழுத வேண்டியிருந்தது. 1966இல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை ஆனந்த விகடனில் வந்தபோது இன்னும் பெரிய ரகளை. மழையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்பும் மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அதெப்படி என்று வாசகர்கள் கொதித்தார்கள். சரி, அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யோசித்து ஜெயகாந்தன் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் வரும் கங்கா அந்தச் சிறுகதையையே ஒரு பத்திரிகையில் படிக்கிறாள்! 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. வாசகர்கள் எல்லோரும் 'அருமை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் கங்கா நமக்குக் கிடைத்திருப்பாளா?

அதே 1972இல்தான் 'புயலிலே ஒரு தோணி' புத்தகமாக வந்தது. வந்த காலத்தில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச ஆள் இல்லை. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், மெடானில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் இருந்தவர், இரண்டே நாவல்களோடு நிறுத்திக்கொண்டு 1997இல் இறந்துபோனார். இன்றைக்கு நாங்கள் கூடி உட்கார்ந்து சண்டை போடுவதில் பத்தில் ஒரு பங்கு அன்றைக்கு அவர் காதில் விழுந்திருந்தால் மூன்றாவதாக ஒன்று எழுதியிருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

அதனால் கேட்கிறேன். பாதியில் இருப்பவர்களின் கடிதங்களையும் போடுங்கள், பிடிக்காமல் விட்டவர்களின் கடிதங்களையும் போடுங்கள். முடிவைச் சொல்லிவிடாமல் எழுதச் சொன்னால் போதும், மற்றபடி கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். போன வாரக் கடிதத்தை மறுத்து இந்த வாரம் ஒருவர் எழுதினால் இரண்டு மடங்கு இடம் கொடுங்கள்.

அடுத்து எங்கள் வட்டத்தில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுக்கப்போகிறோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. எங்கள் பக்கம் யாரும் உப்பளத்தில் இறங்கியவர்கள் இல்லை. அந்த வேலையைச் செய்தவர்கள், செய்தவர்களின் பிள்ளைகள் யாராவது அதைப் படித்துக்கொண்டிருந்தால், ராஜம் கிருஷ்ணன் அந்த வெயிலையும் கூலியையும் சரியாக எழுதியிருக்கிறாரா, எங்காவது தவறியிருக்கிறாரா என்று உங்கள் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அதையும் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி