மடக்கை அட்டவணையில் பிறந்த வளைவு

மதிப்புக்குரிய மால்கம் சேயர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 1970இலேயே மறைந்துவிட்டீர்கள். இக்கடிதம் உங்களைச் சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன். பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனம் உருவாக்கிய இ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய பேச்சில் அதை வைத்திருந்தவர்களின் பெயர்களே முதலில் வருகின்றன. அதன் உடலை வடித்த உங்கள் பெயர் பலமுறை கடைசியில்கூட வருவதில்லை என்பது, பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் எனக்கு நெடுநாள் உறுத்தல்.

பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து ஜாகுவாருக்கு வந்த நீங்கள், காரின் வளைவுகளை மடக்கை (logarithm) அட்டவணையும், நகர்த்திக் கணக்கிடும் அளவுகோலான ஸ்லைடு ரூலும் கொண்டு புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வரைந்தீர்கள். உங்களை நீங்கள் அழகுக்காகக் கார் வடிவமைப்பவராக அல்ல, காற்றோட்டத்தை ஆராயும் காற்றியக்க வல்லுநராகவே கருதினீர்கள். 1955 முதல் 1957 வரை பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் தொடர்ந்து வென்ற டி-டைப் என்ற ஜாகுவார் பந்தயக் காரில் தேறிய கணக்குதான் இ-டைப்பிலும் இறங்கியது. அந்த நீண்ட முகப்பைச் செல்வச் செருக்கின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் 3.8 லிட்டர் எஞ்சினுக்கு அவ்வளவு நீளம் தேவைப்பட்டது. பானட்டின் நடுவிலுள்ள புடைப்பும் எஞ்சினின் உயரத்துக்கு விட்ட இடமே.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் இ-டைப் அறிமுகமானபோது அதை ஓட்டிப் பார்க்கக் கூட்டம் நெருக்கியதால், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், நிறுவனம் இருந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி இன்னொரு காரைக் கொண்டுவந்து சேர்த்தார். மணிக்கு 150 மைல் வேகம் என்று அறிவிக்கப்பட்ட அதன் விலை பிரிட்டனில் ஏறத்தாழ 2,100 பவுண்டு. இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஆஸ்டன் மார்ட்டின் டிபி4இன் விலையோ கிட்டத்தட்ட அதைப்போல் இருமடங்கு. அதனால்தான் பெல்ஃபாஸ்ட் கப்பல்கட்டும் தளத் தொழிலாளியின் மகனான கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டும் அதன் உரிமையாளர் ஆனார். பரம்பரைச் சொத்தால் வந்த மதிப்பை அல்ல, தன் திறமையால் ஈட்டியதை ஊருக்குக் காட்டும் வாகனமாக அது இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இன்று நிலைமை வேறு. உறை போர்த்திய கொட்டகைகளில், விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பில் முடங்கிக் கிடக்கும் இ-டைப்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, உங்கள் கணக்கு சிற்பங்களுக்கு நிகராக வைக்கப்பட்டதே என்று மகிழவும் செய்தேன். 2018இல் இளவரசர் ஹாரி தம் திருமண நாளில் ஓட்டிச் சென்ற இ-டைப்பில் பழைய எஞ்சின் இல்லை, மின்மோட்டார் இருந்தது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இன்ன கார் என்று உலகம் கண்டுகொண்டது, நீங்கள் புள்ளிவைத்து வரைந்த அந்தக் கோடுகளால்தான்.

பதினொன்றாம் வகுப்பில் மடக்கைப் பாடம் தொடங்கும் நாளில், கரும்பலகையில் முதலில் உங்கள் பெயரை எழுதி, அதன் கீழே அந்தக் காரின் பக்கவாட்டுக் கோட்டை வரைவேன்.

நன்றியுடன்,
ஒரு கணித ஆசிரியர்