‘குரலற்றவர்கள்’ எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சென்னையில் உள்ள எங்கள் கண்ணகி நகர் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. போதை, படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள், வேலையில்லாத் திண்டாட்டம் இவற்றையெல்லாம் தீர்ப்பதற்காக இங்கே குடியிருப்பவர்களின் கதைகளைத் திரட்டுகிறார்களாம். நல்லது, திரட்டட்டும். ஆனால் அதில் ஒரு வரி: ‘இதுவரை குரலற்றிருந்த இம்மக்கள் முதன்முறையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.’

முதன்முறையாக! ஐயா, எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வரும்போது ஒரு நாள் வந்து பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களுக்குக் குரல் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

2001-ல் கூவம் கரையில் இருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களை இங்கே இறக்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றில் இருந்து என்னிடம் கதை கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். சுனாமியில் வீடிழந்தவர்களை இங்கே குடியேற்றியபோது ஒரு கூட்டம் வந்தது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பக்கத்து எழில் நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்தபோது இன்னொரு கூட்டம். அங்கன்வாடியில் வேலை பார்த்ததால் யார் வந்தாலும் ‘டீச்சரைக் கேளுங்க’ என்று என் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். ‘கணவர் குடிப்பாரா?’ என்ற கேள்வி இல்லாத படிவத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் டீயைக் கூடச் சர்க்கரை போடாமல் குடிக்கிறவர். பணக்காரர்கள் வாழும் போட்கிளப் சாலையில் இந்தக் கேள்வியை எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்?

இந்த முறை கதை கேட்க வந்த பெண் நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள், கொடுத்த மோரைக் குடித்தாள். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினாள். நானும் கூடவே இருந்தேன். பிளாக்குக்குப் பின்னால் தெருவிளக்கு எரியவில்லை, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூட்டமாகச் சேர்ந்துதான் வர வேண்டியிருக்கிறது, அந்த இருட்டில்தான் பையன்கள் உட்கார்ந்து புகைக்கிறார்கள் என்று அந்த அம்மா விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்த போனை அந்தப் பெண் மடியில் கவிழ்த்து வைத்தாள். பேச்சு மகன் பக்கம் திரும்பியதும் மறுபடி போன் மேலே வந்தது. ‘உங்க பையன் எப்பவாவது போதைப் பழக்கத்துல...?’ அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: ‘பயமாத்தாம்மா இருக்கு.’

தங்கள் பத்திரிகையில் அது எப்படி வந்தது? அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே, ‘போதைக்கு அடிமையான மகனை மீட்கப் போராடும் தாய்.’ அந்தப் பையன் பிளம்பர். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவன். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேப்பரை ஆறு வீடு தள்ளி இருப்பவர்தான் கொண்டுவந்து காட்டினார். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தெருவிளக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கிய காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்புறம்தான் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும் வழக்கம் வந்தது. 2021-ல் வாரியத்தின் பெயரையே வாழ்விட மேம்பாடு என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் சுவர்களில் ஆளுயர முகங்களை வரைந்து ‘கலை வட்டாரம்’ ஆக்கினார்கள். படம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். என் பேத்தி அதன் முன்னால் நின்றுதான் பிறந்தநாள் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது அதே பேத்தி ‘துரைப்பாக்கம், சென்னை 97’ என்று மட்டும் எழுதுகிறாள். கண்ணகி நகர் என்று எழுதிய முதல் இரண்டு இடத்திலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். அந்தக் கம்பெனிகளுக்கும் அதே 97-தான்.

பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கியபோது ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடின, தாங்களும்தான். அந்த ஒரு வாரம் ஊர்ப் பெயரைச் சொல்ல எங்களுக்கே ருசியாக இருந்தது. அடுத்து எங்காவது ஒரு செயின் பறிப்பு நடந்தால் போதும், பழையபடி ‘கண்ணகி நகரைச் சேர்ந்த’ என்று தலைப்பு வந்துவிடும். போட்கிளப்காரர் கோடிக்கணக்கில் மோசடி செய்தால் மட்டும் ‘தொழிலதிபர்.’

கதை கேட்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பிளாக் பெண்கள் நான்கு பேர் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். என்றைக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை, எல்லாம் தேதி போட்டு எழுதினோம். ஒரு பையன் மூன்று வாரம் போகாததற்குக் காரணம் ஷூ. போதையும் இல்லை, பொறுப்பில்லாத அப்பாவும் இல்லை, ஷூ! அது வாங்கிக் கொடுத்ததும் போய்விட்டான். தண்ணீர்ப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். ஐந்தாவது முறை போனபோதுதான் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். அடுத்த மாதம் அடிபம்பு சரியானது. அந்த நோட்டில் யாருடைய போட்டோவும் இல்லை.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே போட்ட வரி தவறு என்று, படம் வந்த அதே அளவில் வேண்டாம், ஒரு மூலையிலாவது ஒரு திருத்தம் போடுங்கள். எங்களிடம் பதிவு செய்ததில் ஒரு பிரதியை இங்குள்ள நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் என்ன சொன்னோம் என்று நாங்களும் கேட்டுப் பார்க்கிறோம்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் முகவரியைத் துரைப்பாக்கம் என்று சுருக்காமல், எழுதியபடியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
கண்ணகி நகர், சென்னை – 97.