ஹோல்டன் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஹோல்டன் மோட்டார் சைக்கிளின் வரலாற்றை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். என்னோடு உழைத்தவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், ஒரு மதியம் முழுக்க வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்த மெக்கானிக் அண்ணனுக்கு. பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி ஹென்றி கேப்பல் ஹோல்டன் 1890களில் வடிவமைத்த வண்டி இது. பின்சக்கரத்தை ஓட்டச் செயினும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. படுக்கைவாட்டில் நான்கு சிலிண்டர்கள். கனெக்டிங் ராடுகள் (பிஸ்டனின் அசைவைக் கடத்தும் தண்டுகள்) நீராவி ரயில் எஞ்சினில் இருப்பதுபோல நேரே பின்சக்கர அச்சின் கிராங்கை, அதாவது அச்சைத் திருப்பும் வளைகையை, சுழற்றும். படத்தைப் பார்த்த அண்ணன், "அப்போ எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரே சுத்துதான் தம்பி" என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் எஞ்சினுக்குச் சுழற்சி கூடக் கூடத்தான் பலம். இந்த வண்டியின் பெட்ரோல் எஞ்சினோ நிமிடத்துக்கு 420 சுற்றில் 3 குதிரைத்திறன்தான் தந்தது. வேகம் மணிக்கு சுமார் 24 மைல். அதற்கே ஆயிரம் சிசிக்கு மேல் எஞ்சின் கொள்ளளவு தேவைப்பட்டது. பின்சக்கரத்தைச் சிறிதாக வைத்த காரணமும் அண்ணன் சொல்லித்தான் புரிந்தது: சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், எஞ்சினும் கூடவே சுற்றும்.

பழைய இதழ்களின் பக்கங்களைத் தேடி அனுப்பிய நூலகர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. லண்டன் கென்னிங்டனில் மோட்டார் டிராக்‌ஷன் கம்பெனி இதைத் தயாரித்ததும், தண்ணீரால் குளிரூட்டும் முறை வந்ததும், 1902 வாக்கில் எல்லாம் முடிந்துபோனதும் அவரால்தான் கோவையாகக் கிடைத்தன. அதற்குள் பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் சிறிய எஞ்சினை வண்டிச் சட்டத்தின் அடியில் பொருத்தி, எஞ்சின் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும்படி பெல்ட் மூலம் சக்கரத்தை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஹோல்டனுக்கு வழி அடைபட்டது அங்கேதான் என்பது என் முடிவு.

கைப்பிரதியைப் படித்த ஆசிரியர் ஐயா, "கம்பெனி மூடியதோடு அந்த மனுஷனையும் மூடிவிடாதே" என்று வற்புறுத்தினார். 1907இல் இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் அருகே திறந்த புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையை வடிவமைத்தவர் இதே ஹோல்டன். கட்டுரையில் அந்தப் பகுதி இடம்பெற்ற பெருமை ஐயாவுக்கே சொந்தம்.

படங்கள் வரைந்த தங்கைக்கும், 1897ஆம் ஆண்டு வண்டியைக் காத்துவரும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் படங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், தங்கை சம்மதித்துவிட்டாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கட்டுரையாளர்