பம்பை மாற்றுவதற்கு முன்னால் இதைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அந்த டிஷ்வாஷர் நினைப்புதான். கழுவி முடித்த பிறகும் அடியில் தண்ணீர் நிற்கிறது, கதவைத் திறந்தால் நாற்றம், தட்டைத் தொட்டால் பிசுபிசுப்பு, வந்து பார்த்தவர் பம்ப் போய்விட்டது, மாற்றுகிற காசோடு கொஞ்சம் சேர்த்தால் புதுசே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாரா, ஹோஸை நகர்த்திப் பார்த்தாரா என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையெல்லாம் பார்க்காமல் பம்ப் என்று சொல்லியிருந்தால் நான் நம்ப மாட்டேன். இங்கே பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பராமரிப்புப் பகுதியில் இருந்த வரைக்கும் எங்களுக்கு இருந்த பழக்கம், மெஷின் நின்றால் காசு செலவில்லாத காரணங்களை முதலில் பார்ப்பது, அதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் பாகத்தை மாற்றுவது. நீயும் அப்படியே செய். புதுசு எதற்கும் இப்போது முன்பணம் கட்டாதே.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள், அது தெரிந்தால் கோளாறு எங்கே என்று நீயே சொல்லிவிடுவாய். குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்து அடியில் நிற்கும். ஹீட்டர் அதைச் சூடாக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரை மேலேயும் கீழேயும் சுற்றுகிற இரண்டு கைகளுக்குள் தள்ளும், கைகளில் இருக்கிற ஓட்டைகள் சாய்வாக இருப்பதால் தண்ணீர் பீச்சுகிற வேகத்திலேயே கை சுற்றும், அதற்குத் தனி மோட்டார் கிடையாது. தட்டில் பட்டு விழுந்த தண்ணீர் ஃபில்டர் வழியாக இறங்கி மறுபடியும் அதே பம்புக்குப் போகும். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பதுதான் இதில் முக்கியம். கடைசியில் வேறொரு சின்ன பம்ப் அழுக்குத் தண்ணீரை ஹோஸ் வழியாக வெளியே தள்ளிவிடும், அப்புறம் புதுத் தண்ணீர் வரும், இப்படிச் சில சுற்று. உன் வீட்டில் தண்ணீர் வெளியே போகவில்லை. அப்படியென்றால் ஃபில்டர், அந்தச் சின்ன பம்ப், ஹோஸ், ஹோஸ் போய்ச் சேருகிற சிங்க் குழாய், இந்த நான்கில் ஒன்றுதான். பம்ப் அதில் ஒன்று மட்டும்.

சரி, சனிக்கிழமை காலையில் பாப்பா தூங்கும்போது ஆரம்பி. பிளக்கைக் கழற்று, சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடு. கீழ்த் தட்டுக் கூடையை வெளியே எடுத்துவிட்டு நிற்கிற தண்ணீரைக் கப்பால் மொண்டு, மிச்சத்தைப் பழைய துணியில் ஒற்றி எடு. கையில் ரப்பர் கையுறை கட்டாயம், உடைந்த கிளாஸ் துண்டு அடியில் கிடக்கலாம். நடுவில் உருளையாக ஒன்று இருக்கும், அதை இடது பக்கமாகத் திருகினால் மேலே வந்துவிடும், அதன் அடியில் தட்டையான சல்லடை. இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய். கம்பி நார் போட்டால் சல்லடை கிழிந்துவிடும். அதைப் பார்த்ததும் உனக்கே புரியும், நாம் தாளிக்கிற வீட்டுக்காரர்கள். கறிவேப்பிலைக் காம்பு, பட்டைத் துண்டு, ஏலக்காய்த் தோல், மீன் முள், நெத்திலித் தலை, எல்லாவற்றையும் தேங்காய்ப்பால் கொழுப்பு ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். இந்த மெஷினோடு வருகிற புத்தகங்களில் இதெல்லாம் எழுதியிருக்காது.

ஃபில்டர் இருந்த குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும், அது கோளாறு இல்லை. அந்தக் குழியின் ஒரு பக்கத்தில்தான் வெளியே தள்ளுகிற பம்ப். பல மாடல்களில் அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், ஸ்பூன் நுனியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே சின்ன விசிறி மாதிரி ஒன்று தெரியும், விரலால் சுற்றிப் பார். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டு விட்டுத் தயங்கித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பழுது என்று பயந்துவிடாதே. ஒரேயடியாக இறுகி நின்றால் ஏதோ சிக்கியிருக்கிறது, பல்குத்தியோ ஜாடியில் ஒட்டியிருந்த லேபிளோ எலும்புத் துண்டோ. இடுக்கியால் எடு. மூடியைத் திரும்பப் போடும்போது கிளிக் என்று சத்தம் வர வேண்டும், சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஓடினாலும் தண்ணீர் வெளியே போகாது.

அடுத்தது ஹோஸ். எனக்கு கோலாலம்பூரில் உன் செந்தூல் கொண்டோ சமையலறையைப் பார்த்தபோதே சந்தேகம், கேபினெட்டுக்குள் மெஷினை அவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பின்னால் ஹோஸ் மடங்கி நசுங்கியிருந்தால் எத்தனை பம்ப் மாற்றினாலும் தண்ணீர் போகாது. கொஞ்சம் வெளியே இழுத்துப் பார். அந்த ஹோஸ் தரையோடு கிடந்து நேராக சிங்க் குழாய்க்குப் போகக் கூடாது, சிங்க் மேடைக்குக் கீழே எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு தூக்கிக் கட்டிவிட்டு அங்கேயிருந்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்க்கில் நீ கொட்டுகிற தண்ணீரே திரும்பி மெஷினுக்குள் வரும். அதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது, மெஷினை ஓட்டாமல் சிங்க்கில் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு மெஷின் கதவைத் திறந்து பார், அடியில் தண்ணீர் ஏறியிருந்தால் மெஷின் மேல் தப்பே இல்லை, சிங்க் குழாய் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் ஹோஸ் தாழ்வாகக் கிடக்கிறது. இல்லையென்றால் ஃபில்டரைத் திரும்பப் பொருத்தி, மெஷின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஹோஸ் நுனியைக் கழற்றி ஒரு வாளியில் விட்டுவிட்டு, பிளக்கைப் போட்டு வெளியேற்றுகிற பட்டனை அழுத்து. வாளிக்குள் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் உன் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவும் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருந்து, பம்ப் சத்தமே போடாமல் இருந்தால் அந்த ஆள் சொன்னது சரி, மாற்றலாம். அப்போதும் பம்பை மட்டும் மாற்று.

தட்டு பிசுபிசுப்புக்கு வருகிறேன். 1886-ல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி இந்த மாதிரி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், தன்னுடைய நல்ல பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைகிறதே என்ற கவலையில் ஆரம்பித்தது. தட்டைத் தேய்க்காமல், கம்பிக் கூடையில் நிறுத்தி வைத்துத் தண்ணீரை வேகமாக அடிப்பதுதான் அவருடைய யோசனை. இன்றைக்கும் அதேதான், தண்ணீர் படாத இடம் கழுவாத இடம். நீ அனுப்பிய படத்தில் பெரிய சட்டியை முன்னால் கவிழ்த்து அதன் பின்னால் தட்டுகளை நெருக்கி வைத்திருக்கிறாய், கரண்டி ஒன்று கீழே நீட்டிக்கொண்டு சுற்றுகிற கையைத் தடுக்கிறது. ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கதவைச் சாத்து. கைகளைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஏதாவது சலசலக்கும், ஓட்டைகளைப் பல்குத்தியால் குத்தி எடு.

தட்டைக் கழுவிவிட்டு மெஷினில் வைக்காதே, மருமகள் அப்படிச் செய்கிறாள் என்று சொன்னாய், பாவம், வேலை இரண்டாகிறது. எச்சிலையும் முள்ளையும் வழித்துப் போட்டு, எண்ணெயை டிஷ்யூவில் துடைத்தால் போதும். டிஷ்வாஷர் சோப்பில் என்சைம் இருக்கிறது, சோற்றுப் பசையையும் முட்டை, பருப்பு காய்ந்ததையும் அது கரைத்துவிடும். ஆனால் கையால் கழுவுகிற திரவ சோப்பை ஒரு சொட்டுகூட அதில் ஊற்றாதே. நுரை பொங்கி அடித்தட்டில் வழிந்தால் அங்கே இருக்கிற மிதவை தூக்கிக்கொண்டு மெஷின் தண்ணீர் எடுப்பதையே நிறுத்திவிடும், பம்ப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

உப்பு போடுகிற இடம் இருந்தால் அது தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாக இருக்கிற ஊர்களுக்கானது. நமக்கு வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், இங்கே பினாங்கில் மூடா ஆறு, சுண்ணாம்பு குறைவு. அதனால் அந்த செட்டிங்கைக் குறைந்த அளவில் வைத்தால் போதும். போட்டாலும் டிஷ்வாஷர் உப்புதான், சமையல் உப்பு வேண்டாம், பொடி உப்பு உள்ளே கட்டிப் பிடித்துக்கொள்ளும். நம் மாதிரி தண்ணீரில் சோப்பை அதிகம் போட்டால் கண்ணாடி கிளாஸ் மங்கிப் போகும். மங்கின கிளாஸை வினிகரில் துடைத்துப் பார், தெளிந்தால் வெறும் படிவு, தெளியாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அதை மீட்க முடியாது.

பாட்டியின் பித்தளைச் செம்பு, அலுமினியச் சட்டி, பிரஷர் குக்கர் மூடி, இரும்புத் தோசைக்கல், மரக்கரண்டி எதையும் அதில் வைக்காதே. அலுமினியம் அந்தச் சோப்பில் கறுத்துவிடும், தோசைக்கல்லில் வருஷக்கணக்காக ஏறின எண்ணெய்ப் பதம் ஒரே ஓட்டத்தில் போய்விடும். எவர்சில்வர் தாராளமாக வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்த மஞ்சள் கறைக்கு மெஷினைத் திட்டாதே, அதை வெயிலில் வை, வெளுத்துவிடும்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பு. நீ எப்போதும் ஈக்கோவிலேயே ஓட்டுகிறாய், அது மிதமான சூடு, கறிக் கொழுப்பு ஹோஸிலும் கதவின் கீழ் விளிம்பிலும் தங்கிவிடும். மாதம் ஒரு முறை பாத்திரமே இல்லாமல் 65 அல்லது 70 டிகிரியில் ஓட்டு, கேக் சாமான் கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்டைக் கொஞ்சம் போட்டு. அன்றைக்கு பிளீச் எதுவும் உள்ளே போகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும், சின்னக் குழந்தை இருக்கிற வீடு. கதவைச் சுற்றி இருக்கிற ரப்பரை, முக்கியமாகக் கீழ் மூலைகளை, ஈரத்துணியால் துடை. ஓடி முடிந்தால் கதவைக் கொஞ்சம் திறந்தே வை, நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடி வைத்தால் பூஞ்சை வரும். இன்னொன்று, உங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் தடை வந்து திரும்ப வரும்போது முதலில் கலங்கலாக வரும். சிங்க் குழாயில் தெளிகிற வரைக்கும் விட்டுவிட்டு அப்புறம் மெஷினை ஓட்டு. மெஷினுக்குத் தண்ணீரே வரவில்லை என்றால் உள்ளே வருகிற ஹோஸ் நுனியில் சின்ன சல்லடை இருக்கும், அதில் மண் அடைத்திருக்கும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நீ கை வைக்காதே. இந்த மெஷின் சுமார் 2000 வாட் இழுக்கும், எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதே, சுவரில் இருக்கிற 13 ஆம்ப் பிளக்கில் நேராகப் போடு. பிளக் கருகியிருக்கிறதா என்று பார். தண்ணீர் சூடாகிற நேரத்தில் இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச், விழுந்தால் ஹீட்டரில் கசிவு இருக்கலாம், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், பதிவு செய்த வயர்மேனைக் கூப்பிடு. அவர் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது பக்கத்தில் நில், 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எண் தெரிந்தவனிடம் யாரும் சும்மா பாகத்தை மாற்றிக் காசு வாங்க மாட்டார்கள்.

உன் அத்தை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. மூன்று பேர் வீட்டுக்கு மெஷின் எதற்கு, கை இல்லையா என்று என்னிடமும்தான் சொன்னார். நான் ஷிப்ட் முடிந்து ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, சிங்க் நிறையக் கிடக்கிற பாத்திரத்தைப் பார்த்து நின்ற ராத்திரிகள் எனக்குத் தெரியும். மருமகள் பிரசவம் முடிந்து இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். அவள் அந்த நேரத்தில் தூங்கட்டும். அதற்காகத்தான் இந்த மெஷின் ஓட வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன், பாத்திரத்துக்காக இல்லை.

ஃபில்டரைக் கழற்றினதும் ஒரு படம், பம்ப் மூடியைத் திறந்ததும் ஒரு படம், மெஷின் பின்னால் ஹோஸ் இருக்கிற நிலையை ஒரு படம் எடுத்து அனுப்பு. ஹோஸ் வெடித்திருந்தால் நீளத்தையும் இரண்டு நுனியின் குறுக்களவையும் அளந்து சொல், ஜார்ஜ்டவுன் ஹார்ட்வேர் கடைகளில் நான் விசாரிக்கிறேன். கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணையும் எழுதி அனுப்பு.

அம்மா