தாய் நாயின் எக்ஸ்ரே எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு நாய்க்குட்டியால் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் ஒன்று என் மகன் குடும்பம். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு மகன் 2,500 வெள்ளி கொடுத்து ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று வாங்கினான். விற்றவர் எங்களோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். ஏழாவது மாதத்தில் குட்டி பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவத் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அப்புறம் அது படியேறவே மறுத்தது. ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் பாதிகூட உட்காரவில்லை. மருத்துவர் விரலால் காட்டியபோது எனக்கே புரிந்தது. பரம்பரையாக வரும் கோளாறு என்றார்.

விற்றவரிடம் போனால், "தாய் நாய் குதிரை மாதிரி ஓடுது, பாருங்க" என்கிறார். ஓடத்தான் செய்கிறது. இடுப்பு கெட்ட நாய்கள் பலவும் வெளியே எதையும் காட்டாமல் ஓடும், எக்ஸ்ரேயில்தான் பிடிபடும். கென்னல் சங்கத்தின் சர்டிபிகேட்டைப் பார்த்து மயங்கியது எங்கள் முட்டாள்தனம். அது தாத்தா பாட்டி பெயரைச் சொல்லும், இடுப்பைப் பற்றிச் சொல்லாது. அமெரிக்காவில் நாய்களின் இடுப்பைப் பார்த்துத் தரம் பிரிக்கும் அமைப்பு, 24 மாதம் ஆன பிறகே இறுதிச் சான்று தருகிறது. இந்தத் தாய் குட்டி போட்டபோது அதற்கே 15 மாதம்தான்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டுமென்று என் மனைவி மூன்று வேளையும் சோறும் கோழி ஈரலும் ஊட்டினார். மகன் வீட்டுத் தரையோ வழுக்கும் டைல்ஸ். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. அதோடு, பெற்றோர் இரண்டுக்கும் இடுப்பு நன்றாக இருந்தாலும் குட்டிக்கு வரலாம். பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை இது. அதனால் அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் சொன்ன சமாதானம் இது: "இதைத் திருப்பிக் கொடுங்க, அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்." அடுத்த ஈற்றும் அதே ஜோடிதான். எங்கள் குட்டியின் எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்த்த பிறகும் அதே ஜோடியைச் சேர்த்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் நாயைச் சட்டை மாதிரி மாற்றிக்கொள்ளவும் முடியாது.

மகன் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன் என்கிறான். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்பதில் பிராணிகளும் அடங்கும். மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம். வீட்டில் குட்டி விற்பவர் வியாபாரியா என்ற கேள்வி அங்கே கட்டாயம் எழும். விற்றவர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டுகூட கையில் இல்லாமல் அவன் எதைக் காட்டப் போகிறானோ!

அடுத்த ஈற்றில் ஆறு குட்டிகளாம். வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் இடுப்புக் கோளாறு தெரிந்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்று எழுதி வாங்கிய பிறகு பர்ஸைத் திறங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட்