அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும்: நம் சபை ஆண்கள் ஐக்கியத்துக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதரர்களே, ஸ்தோத்திரம்.

ஏழு வருஷத்துக்கு முன் அசனப் பண்டிகைப் பணம் என் பொறுப்பில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் 18,000 ரூபாயை எடுத்து என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். சீட்டுப் பணம் வந்ததும் திருப்பி வைத்துவிட்டேன். பண்டிகை முடிந்து கணக்கு வாசித்தபோது ஒரு பைசா பிசகவில்லை; எல்லாரும் கைதட்டினீர்கள். இந்த விஷயம் அப்போது நம் சபையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரும் போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

அவர் ரிட்டையர்டு வாத்தியார். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தம்பி, பண்டிகைப் பணம் பேங்க்லதான இருக்கு?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்று பொய் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரமும் வந்து அதையே கேட்டார். மூன்றாம் வாரம் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் போதகர் ஐயரிடம் போகவில்லை, கமிட்டியில் கிளப்பவும் இல்லை. "என்னைக்கு வைப்பீங்க?" என்று தேதி கேட்டார். அந்தத் தேதியில் வந்து பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். பிறகு, சொத்துத் தகராறில் பத்து வருஷமாகத் தன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாததைச் சொல்லி, "இனி நீங்க என்னைக் கேளுங்க" என்றார். மாதாமாதம் கேட்டேன். நாலாவது மாதம் தம்பி வீட்டுக்குப் போனார்.

நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? ஜெபக்குறிப்பு என்றால் பிள்ளைகளின் பரீட்சை, விசா, சர்க்கரை, மூட்டுவலி. அவையும் பாரம்தான். ஆனால் ரம்மியில் சம்பளம் போகிறது என்றோ, மனைவியிடம் கடனை மறைக்கிறேன் என்றோ ஒருவரும் வாய் திறந்ததில்லை. "அந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபிச்சுக்கோங்க" என்று அடுத்தவர் வீட்டுக் கதையை மட்டும் ஆமென் சொல்வதற்குள் தெருவரைக்கும் கொண்டுபோய்விடுகிறோம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18-ல் ஆண்டவர் சொன்னது நமக்கு மனப்பாடம். ஆனாலும் சம்பந்தப்பட்டவரிடம்தான் கடைசியில் போகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாத்தியார் கேட்டதுபோல ஒருவரையொருவர் கேட்பது வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கமும் இல்லை. 1947-ல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தவர்களில் மெதடிஸ்டுகளும் உண்டு. அவர்களுடைய முன்னோர் 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வைத்து வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்கு வீட்டுக்கு வீடு போனவர்கள், சிலர் வாழவேண்டிய விதத்தில் வாழவில்லை என்பதைக் கண்டு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். அந்த வசூல் ஏற்பாடே ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் வாரக் கூட்டமாக மாறிவிட்டது. அதற்கும் முன்னால், 1738-ல், வெஸ்லி சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். யாக்கோபு 5:16 சொல்கிறபடி குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடத்தான் அந்தக் குழுக்கள். போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்பது ஒவ்வொரு வாரமும் அங்கே எழும் கேள்வி.

நாமோ நற்கருணை ஆராதனையில் இரண்டு கையாலும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் கொடுக்கிறோம். முறைத்துக்கொண்டிருப்பவர் அந்தப் பெஞ்சில் இருந்தால் வேறு பெஞ்சு பார்த்து உட்கார்ந்துகொள்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர் சேர்ந்து உட்காருவோம். கேட்கிறவர் தன்னைக் கேட்கவும் விடவேண்டும். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது போலீஸ் விசாரணைபோல ஆகிவிடும். கமிட்டி மெம்பருக்கும் விலக்கு வேண்டாம். ஐயருக்கும் இப்படிக் கேட்க ஒருவர் வேண்டும், அவர் பக்கத்துச் சேகரத்து ஐயராக இருந்தால் நல்லது. அங்கே பேசியது மனைவி காதுக்குக்கூடப் போகக்கூடாது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் அதை ஜெபித்து மூடக்கூடாது. 2012-ம் வருஷப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், "அவர் அறிக்கை பண்ணிட்டார், மன்னிச்சிரும்மா" என்று போய் நிற்கிற வேலையும் நமக்கு வேண்டாம். அவளுடைய பாதுகாப்புக்கு வழி செய்துவிட்டுத்தான் அவரிடம் பேசவேண்டும்.

பணம் எடுத்ததைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன முடிவெடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வாத்தியார் போன பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வருகிற வியாழக்கிழமை ராத்திரி ஏழரைக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மூன்று நாற்காலி போட்டுவைக்கிறேன். முதலில் நான் பேசுகிறேன்.

உங்கள் சகோதரன்,
முன்னாள் பொருளாளர்