ஆளு வர்றானா இல்லையா, அதைச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமத்துல பொது சேவை மையம் வச்சிருக்கேன். சம்பா பயிர் இன்சூரன்ஸ் பதிய நவம்பர் 15 கடைசி தேதி, 11-ந்தேதி காலையில நெட் போச்சு. வெளிய பெஞ்சுல சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாத்தையும் மஞ்சப்பையில வச்சுகிட்டு பதினாலு பேரு உக்காந்திருக்காங்க.

நெட் கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடிச்சேன். "இன்கன்வீனியன்ஸுக்கு வருந்துறோம் சார், உங்க இஷ்யூவ பேக்எண்ட் டீமுக்கு எஸ்கலேட் பண்ணியிருக்கோம், 48 வொர்க்கிங் அவர்ஸ்ல ரிசால்வ் ஆயிடும்"னு ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்லுச்சு. ஸ்பீக்கர்ல கேட்டுகிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "என்னப்பா சொல்லுது, ஆளு வர்றானா இல்லையா?"ன்னாரு. எனக்கும் தெரியல. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னு பாத்தா 48 மணி நேரம் ஆறு நாளு, கெடுவே தாண்டிடும். அந்த பொண்ணு மேல எனக்கு கோவம் இல்ல, அது யாரோ எழுதிக் குடுத்தத படிக்குது, எழுதிக் குடுத்தவங்க மேலதான்.

மறுநாள் புகார் ரிசால்வ்ட்னு மெசேஜ் வருது, மோடத்துல சிவப்பு லைட்டு அப்படியே எரியுது. திரும்ப அடிச்சா "அந்த டிக்கெட் க்ளோஸ் சார், புதுசா ரெய்ஸ் பண்ணுங்க".

14-ந்தேதி மத்தியானம் லைன்மேன் தம்பி வந்து, "அண்ணே, ரோட்டு வேலைக்கு ஜேசிபி தோண்டுனதுல பைபர் அறுந்துருச்சு, ரெண்டு மணி நேரத்துல ஒட்டிடுவேன்"னுச்சு. இத 11-ந்தேதியே சொல்லியிருந்தா அத்தன பேரையும் பஸ் ஏத்தி மன்னார்குடிக்கு அனுப்பியிருப்பேன். வேலைய விட்டுட்டு மூணு நாளு நடந்தாங்க, கடைசியில 15-ந்தேதி ராத்திரி வரைக்கும் உக்காந்து பதிஞ்சு முடிச்சோம்.

எங்க ஊரு வாய்க்கால்ல முறை வச்சு தண்ணி விடறப்ப மதகு திறந்து விடற லஸ்கர் வந்து "நாளான்னைக்குதான் உங்க முறை"ம்பாரு, அவ்வளவுதான், நாங்க அதுக்கேத்த மாதிரி வேலைய வச்சுக்குவோம். உங்க பேப்பர்லயே மின்தடைன்னா எந்த ஊரு, எத்தன மணிலேருந்து எத்தன மணி வரைன்னு போடறீங்க. கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் ஏன் "அறுந்துருச்சு"ங்கற வார்த்தை வாயில வரமாட்டேங்குது?

இன்னொண்ணு. ட்ராய், அதான் போன், நெட் கம்பெனிகளுக்கு விதி போடற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2012-ல போட்ட விதிப்படி புகார் சொன்னா புகார் எண்ணும், எதுக்குள்ள சரி பண்ணுவோங்கற கெடுவும் குடுத்தே ஆகணும். சரியாகலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட 30 நாளுக்குள்ள போகலாம், காசு கிடையாது, அவங்க 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். நான் எத்தனையோ தடவ போன் பண்ணியிருக்கேன், எஸ்கலேட்டுன்னு நூறு தடவ சொன்னவங்க மேல்முறையீடுன்னு ஒரு தடவ சொன்னதில்ல. தயவு செஞ்சு இந்த விவரத்த மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க சார், வெட்டி என் மையத்து சுவத்துல ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.